நக்கினால் என்ன ஆகும்?

கேள்வி: வணக்கம் டாக்டர். ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மூன்று வருடமாக வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இயற்கைக்கு மாற்றி வருகிறேன். செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, தலைக்கு அரப்பு, தரை துடைக்க எலுமிச்சைத் தோலில் நானே தயாரிக்கும் பயோ என்சைம், மாடியில் காய்கறித் தோட்டம் (எலும்புத்தூள், ஆமணக்குப் புண்ணாக்கு, பஞ்சகவ்யம் மட்டும்தான் போடுகிறேன்). வீட்டில் பைரவன் என்று ஒரு நாட்டு நாய், 4 வயது, 15 கிலோ. தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பெண் பூனை, 3 கிலோ இருக்கும். நாங்கள் எல்லோரும் மாறிய பிறகு இவர்கள் மட்டும் எதற்குக் கெமிக்கலில் இருக்க வேண்டும் என்று உண்ணி மாத்திரையை நிறுத்திவிட்டு, வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து இருவருக்கும் தடவினேன். பைரவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்ணியும் போகவில்லை. பூனைக்கு அன்று முழுக்க எச்சில் ஒழுகியது, மறுநாள் சரியாகிவிட்டது. நாங்கள் சைவம், பிள்ளைகளுக்காக முட்டை மட்டும் வாங்குவோம். கடைத் தீனியை நிறுத்தி இருவருக்கும் தயிர்சாதம், ரசம் சாதம், தினைப் பொங்கல் என்று கொடுக்கிறேன். குடல் பூச்சிக்குப் பூண்டு. “அந்தக் காலத்தில் நாய்க்கு யார் ஊசி போட்டார்கள்” என்கிறார் மாமியார். நான் செய்வது சரிதானா? அப்புறம், பைரவனுக்கு இளநீர் கொடுக்கலாமா என்று மகன் கேட்கச் சொன்னான்.

பதில்:

பூனையில் இருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம். “அன்று முழுக்க எச்சில் ஒழுகியது, மறுநாள் சரியாகிவிட்டது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தயிர்சாதத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. உங்கள் பூனை தப்பித்திருக்கிறது அம்மா.

போன மழைக்காலத்தில் என் கிளினிக்குக்கு ஒரு பூனை வந்தது. டவலில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். டவலைப் பிரிப்பதற்கு முன்பே வேப்பெண்ணெய் வாடை வந்துவிட்டது. கண்மணி இரண்டும் விரிந்து கறுப்பாக இருந்தன. காது நுனி, மீசை, முதுகுத் தோல் என்று ஒவ்வோர் இடமாகச் சிலிர்த்துத் துடித்தது. யாரோ மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதுபோல உதறியது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைப் போட்டு மூன்று முறை குளிப்பாட்டினோம். அந்த எண்ணெய் அவ்வளவு சுலபத்தில் போகாது. டிரிப் ஏற்றி, துடிப்பு அடங்க ஊசி போட்டு, மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு அனுப்பினோம். வாசலில் நின்ற அந்த வீட்டுப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: “வேப்பெண்ணெய்தானே டாக்டர்?”

வேப்பெண்ணெய்தான். ஆனால் பூனையின் ஈரல் நம் ஈரல் மாதிரி இல்லை. நாம் சாப்பிடும் மருந்துகளையும், செடிகொடிகளில் இருக்கும் வீரியமான பல பொருள்களையும் நம் ஈரல் ஒரு குறிப்பிட்ட வழியில் உடைத்து வெளியே தள்ளும். பூனைக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டே இருக்கிறது. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும் என்றால் புரிந்துகொள்ளுங்கள். யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில் போன்ற வாசனை எண்ணெய்கள் பூனைக்கு ஆகாமல் போவதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கற்பூரம் இன்னும் மோசம். அது தோல் வழியாகவும் உள்ளே போகும், வாய் வழியாகவும் போகும், நேராக மூளையைத் தாக்கி வலிப்பை வரவழைக்கும். இதில் நாய்க்கும் விலக்கு இல்லை. பைரவன் 15 கிலோ இருந்ததால் தாங்கிக்கொண்டான். நம் வீட்டுக் குழந்தைகளே பூஜைக் கற்பூரத்தைக் கடித்துவிட்டு வலிப்போடு ஆஸ்பத்திரிக்குப் போவது உண்டு.

அதோடு பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. விழித்திருக்கும் நேரத்தில் நல்ல பங்கு அதற்கே போகிறது. நீங்கள் அதன் முதுகில் தடவியதாக நினைக்கிறீர்கள். பூனையின் கணக்கில் அது வயிற்றுக்குக் கொடுத்த மருந்து. அதனால் வீட்டுக்குள் எதைக் கொண்டுவந்தாலும் இது இயற்கையா, கெமிக்கலா என்று பார்ப்பதற்கு முன்னால், இதை நக்கினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை யோசியுங்கள். தரை, செடித் தொட்டி, மேல்பூச்சு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் கடிதத்தில் பாதிக்கு இதிலேயே பதில் வந்துவிடும்.

இப்போதைக்கு: இனி பூனை மேல் எந்த எண்ணெயும் வேண்டாம். தடவியது இன்னும் ரோமத்தில் பிசுபிசுத்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்புத் திரவமும் போட்டுக் கழுவி, உடனே துவட்டிச் சூடாக வையுங்கள். மறுபடி எச்சில், தள்ளாட்டம், துடிப்பு எது வந்தாலும் வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காமல், அந்த எண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

இதைப் படித்துவிட்டு நான் நாட்டு மருந்துக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டுக்கு மடிநோய் வந்தால் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீர் கலந்து மடியில் ஒரு நாளைக்குப் பலமுறை தடவச் சொல்லி நானே எழுதிக் கொடுக்கிறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஊர் ஊராகக் கொண்டுசென்ற மருந்து அது. தேசிய பால்வள வாரியமே அதை இன்று பல மாநிலங்களில் பரப்புகிறது. வேலை செய்கிறது. ஆனால் அது மாட்டுக்கு, மடிக்கு, அந்த அளவுக்குப் பார்த்துச் சொன்ன மருந்து. 300, 400 கிலோ மாட்டுக்குச் சொன்னதை 3 கிலோ பூனைக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, உண்ணிக்கு வருவோம். நம் ஊர் நாய்களில் பார்க்கிற பழுப்பு உண்ணி, வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்பில் கழிப்பதே இல்லை. ரத்தம் குடித்து உப்பியதும் கீழே விழும், சுவர் ஏறும், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற விரிசலில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். குஞ்சு பொரித்தவை மறுபடி நாயைத் தேடி வரும். பட்டினி கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் மேல் நீங்கள் பத்து உண்ணி பார்த்தால், அதைப்போலப் பல மடங்கு சுவரில் காத்திருக்கிறது என்று அர்த்தம். நாய்க்கு மட்டும் எதைத் தடவினாலும் உண்ணி போகாததற்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் உங்கள் இயற்கை வழி உண்மையிலேயே உதவும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். டார்ச் அடித்து பைரவன் படுக்கிற இடத்தின் சுவரை இடுப்பு உயரத்துக்கு மேலேயும் பாருங்கள். நிலைக்கால் ஓரம், ஸ்விட்ச் போர்டு சுற்றிலும், படிக்கட்டு அடி, அலமாரிப் பின்புறம். மிளகு அளவில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், வெளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். படுக்கைத் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று மாதம் வாராவாரம் விடாமல் செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் கோழிகள் உண்ணியைக் கொத்தித் தின்னும். உங்களுக்குக் கொல்லை இருந்தால் கோழியும் வளர்க்கலாம், அதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்க முடியாது.

உடம்பில் இருப்பதை எடுப்பதற்கு இடுக்கி போதும். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டி வாய்ப்பக்கம் பிடித்து, திருகாமல் நேராக நிதானமாக இழுங்கள். சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுவத்தியால் சுடுவது, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம்.

இதோடு மாத்திரையையும் நான் கேட்கத்தான் செய்வேன். உண்ணி வெறும் அரிப்பு விஷயம் இல்லை. எர்லிக்கியா, பேபீசியா என்று ரத்தத்தில் புகும் கிருமிகளைச் சுமந்துகொண்டு வருகிறது. ஈரோடு, சேலம் பக்கத்து வெயிலுக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கும். நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடப்பது, மூக்கில் ரத்தம் வடிவது, ஈறு வெளுத்துப் போவது, சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போவது எல்லாம் அதன் அறிகுறிகள். பைரவனின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. இப்போது கிடைக்கிற மாத்திரைகளில் மாதம் ஒருமுறை கொடுப்பதும் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதும் இருக்கிறது. எப்போதாவது வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், அந்த நாய்களுக்கு இந்த வகை ஏற்றதல்ல. வீடு முழுக்க உண்ணி ஒழிந்து, வெயிலும் மழையும் ஒரு சுற்று போன பிறகு மாத்திரையைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். இப்போது பேச முடியாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நாய்க்குக் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பெயர் இருந்தால், பூனை இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம். பூனைக்கு அது விஷம். நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடும்பத்து மருந்துகளுக்கெல்லாம் மூலம் சாமந்தி இனத்துப் பூ ஒன்றுதான்.

அடுத்தது சாப்பாடு. இதில் நாயையும் பூனையையும் பிரித்துத்தான் சொல்ல முடியும்.

நாய் மனிதனோடு பல ஆயிரம் வருடம் இருந்து சோறு செரிக்கக் கற்றுக்கொண்ட பிராணி. சைவ வீட்டிலும், முட்டை இருந்தால், கணக்காகச் செய்து வளர்த்துவிடலாம். தயிர்சாதம் மட்டும் என்றால் முடியாது, அதில் புரதம் பற்றாது. 15 கிலோ, சாதாரணமாக ஓடியாடும் பைரவனுக்கு ஒரு நாளைக்கு, இரண்டு வேளையாகப் பிரித்து: வேகவைத்த முட்டை 3, குழைய வடித்த சோறு 350 கிராம் (அதில் பாதியைத் தினையாக வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகக் குழைய வேக வேண்டும்), வெந்த பாசிப்பருப்பு ஒரு சின்னக் கிண்ணம், தயிர் 100 கிராம், வேகவைத்த பூசணி, கேரட், பீன்ஸ் ஏதாவது ஒரு கைப்பிடி. தாளிப்பு கூடாது, உப்பு துளி இருந்தால் போதும்.

இதில் எல்லோரும் விடுவது கால்சியம். முட்டை, பருப்பு, சோறு மூன்றிலும் கால்சியம் கம்மி, பாஸ்பரஸ் ஜாஸ்தி. கறி போடும் வீட்டிலும் இதே கதைதான். எலும்பில் இருந்து கால்சியத்தை உறிஞ்சி உடம்பு சமாளிக்கும். குட்டி நாயாக இருந்தால் கால் வளைந்துவிடும். நீங்கள் குப்பையில் போடும் முட்டை ஓட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது, பைரவனுக்கு இரண்டு நாளைக்கு வரும். விரல் நடுவே வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இல்லாமல் கோலமாவு பதத்தில் இருக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி போன்றவை சரியாக வராது. அதற்கு நாய்க்கான விட்டமின் - மினரல் பொடி ஒன்றை உங்கள் டாக்டர் எழுதித் தருவார். மாதம் ஒருமுறை எடை பார்த்துச் சோற்றைக் கூட்டிக் குறைக்கலாம்.

ரசம் சாதம் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. வெங்காயம் உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் போனால் நாயின் ரத்தத்தில் மாற்றம் தெரியும், பூனைக்கு 5 கிராமே போதும். உங்கள் பூனைக்கு அது இரண்டு மூன்று சின்ன வெங்காயம்தான். பூண்டு இந்த விஷயத்தில் வெங்காயத்துக்கு அண்ணன். புளி இன்னொரு தலைவலி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ரொம்ப நாளாகத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021-ல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். நம் புளியில் அந்த அமிலம் தாராளமாக இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டிருக்கிறது. ஒரு கரண்டி ரசத்துக்கு நாய் செத்துவிடாது. தினமும் அதையே ஊற்றுவதுதான் வேண்டாம் என்கிறேன். புளியோதரை, புளிக்குழம்பு, வெங்காயச் சாம்பார் எல்லாம் இதில் சேர்த்தி.

“அந்தக் காலத்து நாய் மிச்சம் மீதியைத் தின்றுதானே வளர்ந்தது” என்று அடுத்த கேள்வி வரும். வளர்ந்தது. கூடவே எலி பிடித்தது, கசாப்புக்கடைப் பக்கம் போய் வந்தது, வயலில் கிடைத்ததைத் தின்றது. நாம் தட்டில் வைத்தது அதன் சாப்பாட்டில் ஒரு பங்குதான். பல நாய்கள் சீக்கிரமே போயின, யாரும் கணக்கு வைக்கவில்லை. இன்னொரு நாய் வந்து அதே இடத்தில் படுத்துக்கொண்டது, அதற்கும் மணி என்றே பெயர் வைத்தோம்.

பூனை வேறு. பூனை கறி தின்றே ஆக வேண்டிய உடம்பு. டாரின் என்ற சத்தைத் தானே போதுமான அளவு செய்துகொள்ள அதற்குத் தெரியாது, அது மாமிசத்தில்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் மெதுவாகக் கண்பார்வை போகும், இதயம் பலூன் மாதிரி வீங்கித் தளர்ந்துபோகும். 1987-ல்தான் இந்த இதயநோய்க்கு டாரின் குறைவு காரணம் என்று கண்டுபிடித்தார்கள், அதன் பிறகு கடைத் தீனிகளில் அதைக் கூட்டினார்கள், அந்த நோயும் வெகுவாகக் குறைந்தது. கேரட்டில் இருக்கும் சத்தை வைட்டமின் ஏ-யாக மாற்றவும் பூனையால் முடியாது. தயிர்சாதத்தில் இது எதுவும் இல்லை. பாலும் பூனைக்கு அவ்வளவு நல்லதில்லை, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்கள் வீட்டில் கறி, மீன் வராது என்பது எனக்குப் புரிகிறது. அதனால் பூனைக்கு நல்ல கடைத் தீனியையே திரும்ப ஆரம்பியுங்கள் என்பேன். இயற்கை வாழ்க்கைக்கு இது துரோகம் என்று தோன்றலாம். பூனைக்குத் தயிர்சாதம் போடுவதைவிட இயற்கைக்கு விரோதமானது ஒன்றும் இல்லை அம்மா. மூன்று மாதமாகத் தயிர்சாதம்தான் என்றால், ஒருமுறை கொண்டுபோய்க் கண்ணையும் நெஞ்சையும் காட்டிவிடுங்கள். (அது வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்துத் தின்று தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.)

இப்போது நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய விஷயம். கேள்வியாகக் கூட நீங்கள் கேட்கவில்லை. பூனைக்கு அடுத்தபடி என்னைப் பயமுறுத்தியது அதுதான்: எலும்புத்தூளும் ஆமணக்குப் புண்ணாக்கும்.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. எண்ணெய் ஆட்டும்போது ரிசின் எண்ணெயில் வராது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடேற்றிய புண்ணாக்கு என்றால் அதன் வீரியம் போய்விடும், ஆனால் கடையில் வாங்கும் மூட்டையைப் பார்த்து அது எப்படிச் செய்தது என்று சொல்ல முடியாது. வேப்பம்புண்ணாக்கை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், அவ்வளவு கசப்பு. ஆமணக்குப் புண்ணாக்கில் அந்தத் தடை இல்லை. அதோடு எலும்புத்தூளைக் கலந்து தொட்டியில் போட்டால், நாய்க்கு அது விருந்து மாதிரி மணக்கும். மாடித் தோட்டம் பெருகிய பிறகுதான் இந்தக் கேஸ்களை நான் பார்க்கிறேன். ஒரு லேப்ரடார், தக்காளித் தொட்டியைத் தோண்டித் தின்றுவிட்டு, அடுத்த நாள் காலையில் ரத்தமாக வயிற்றுப்போக்கோடு வந்தது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. டிரிப் போட்டு, வாந்தியை அடக்கி, காத்திருப்பதுதான். காத்திருந்தோம். பிழைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் ஒரு சொட்டுப் பூச்சிமருந்து கூட மாடிக்கு ஏற்றாதவர்.

ஆகவே மீதி ஆமணக்குப் புண்ணாக்கை இன்றே வீட்டைவிட்டு அனுப்புங்கள். தோட்டத்துக்கு நன்றாக மட்கிய மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் போதும். எலும்புத்தூள் போட்டே ஆக வேண்டும் என்றால் அரை அடி ஆழத்தில் போட்டு மூடி, தொட்டிக்கு மேல் கம்பி வலை வையுங்கள். கடலைப் புண்ணாக்கு வைத்திருந்தால் அதையும் மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் வரும் அஃப்ளாடாக்சின் நாயின் ஈரலைக் கெடுக்கும். பஞ்சகவ்யத்தைத் தெளித்துக் காய்ந்தால் பரவாயில்லை, ஊறவைத்த டிரம்மைத் திறந்து போட்டுவிடாதீர்கள். பூஜைக்கென்று அரளி வளர்க்கிறீர்களா என்று எழுதவில்லை. அரளி இலை, பூ எல்லாமே இதயத்தை நிறுத்தும். லில்லிப் பூவைப் பூனை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அதன் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

பூண்டு குடல் பூச்சியைக் கொல்லாது, அதை ஏன் நிறுத்த வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன். நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைக்கு ஏற்ற பூச்சி மருந்து கொடுங்கள். இது உங்கள் பிள்ளைகளுக்காகவும்தான். நாயின் உருண்டைப் புழு முட்டை மண் வழியாகக் குழந்தைகள் வயிற்றுக்குள் போகும்.

ஊசி பற்றி மாமியாரிடம் நானே பேசினால் நன்றாக இருக்கும், முடியாது என்பதால் நீங்கள் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் நாய்க்கு யாரும் ஊசி போடவில்லை, உண்மைதான். அதனால்தான் நாய் கடித்தவருக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அவர் வயதுக்காரர்களுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருக்கும். வெறிநோய் வந்துவிட்டால் நாயும் பிழைக்காது, மனிதரும் பிழைப்பது இல்லை என்றே சொல்ல வேண்டும். எந்த மூலிகையும் அதற்கு இல்லை. வருடத்துக்கு ஒரு ஊசி, பூனைக்கும் சேர்த்து. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும், விசாரித்து வையுங்கள். மழைக்கு முன்னால் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து பைரவனுக்கு ஒரு கூட்டு ஊசி.

மற்றபடி நீங்கள் செய்யும் பலதும் எனக்குப் பிடித்திருக்கிறது. முக்கியமாக பினாயிலை விட்டது. கறுப்பு பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகள் பூனைக்கு ஆகவே ஆகாது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும். உங்கள் பயோ என்சைமைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து துடைத்து, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். எலுமிச்சைத் தோல் எண்ணெயும் பூனைக்கு ஆகாது, ஆனால் ஒரு வாளிக்கு ஒரு மூடி என்ற அளவில் பயப்பட ஒன்றும் இல்லை. பைரவனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரப்பு போட்டுக் குளிப்பாட்டலாம், கண்ணில் விழாமல், துளி மிச்சம் இல்லாமல் அலசிவிட வேண்டும். பூந்திக்கொட்டை வேண்டாம், கண்ணுக்கும் வயிற்றுக்கும் எரிச்சல். சாம்பிராணி போடும் நேரத்தில் இருவரையும் வெளியே விட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து போடுங்கள். சின்னச் சிராய்ப்புக்கு மஞ்சள் வைக்கலாம், ஆழமான காயத்துக்கும் புழு வைத்த புண்ணுக்கும் கூடாது.

தம்பியிடம் சொல்லுங்கள்: பைரவனுக்கு இளநீர் கொடுக்கலாம். வெயில் நாளில் அரை டம்ளர், வழுக்கை ஒரு ஸ்பூன். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதிலாக இல்லை, அதோடு கூட. சிறுநீரகக் கோளாறு இருக்கும் நாய் என்றால் கூடாது. முற்றிய மட்டையைக் கடிக்க விடாதீர்கள், நார் குடலில் போய்ச் சிக்கும். பூனைக்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டால் வைக்கட்டும், அது குடிக்கப் போவதில்லை.